உங்க வீட்டு கேட்டுக்கு எத்தனை எம்.எம். லென்ஸ்?

வீட்டுக்கு சிசிடிவி கேமரா மாட்டணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஓர் இன்ச் டேப்பை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாங்க. இந்தப் பாடத்துக்கு அது ஒண்ணு போதும்.

முதலில் எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். திருமுல்லைவாயலில் பழைய வீடு, ஒரு கிரவுண்டு மனை. முன்பக்கம் ரெண்டு தென்னை, ஒரு துளசி மாடம், அதைத் தாண்டி கேட். அப்பா ஓய்வு பெற்றதும் செய்த முதல் வேலை, வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டியது. வாசல் கேமரா மாடி சன்ஷேடுக்குக் கீழே, பதினாலு அடி உயரத்தில். போனில் பார்த்தால் கேட், தெரு, எதிர் வீட்டுத் திண்ணை, மூலையில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வரை எல்லாமே தெரியும். வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா அதைக் காட்டுவார்.

ஒரு ராத்திரி கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த அவருடைய பைக் போய்விட்டது. பதிவு இருந்தது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், குனிகிறார், தள்ளிக்கொண்டு போகிறார். ஸ்டேஷனில் பெரிய திரையில் போட்டுப் பார்த்த எஸ்.ஐ. சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: “ஆள் வந்தது தெரியுது, போனது தெரியுது சார். யாருன்னுதான் தெரியலை.” முகம் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து சாம்பல் கட்டங்கள் மட்டும். ரெண்டு தெரு தள்ளி ஒரு மளிகைக் கடையில் ஒரே ஒரு கேமரா. அது தெருமுனையை மட்டும்தான் பார்க்கும், வேறு எதையும் பார்க்காது. முகம் அதில்தான் கிடைத்தது.

நாலு கேமராவால் முடியாததை அந்த ஒரு கேமரா எப்படிச் செய்தது? பதில் லென்ஸில் இருக்கிறது.

இது உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமராவே இல்லை. சுற்றியிருந்த தெருக்களில் மற்றவர்கள் மாட்டியிருந்த கேமராக்களில்தான் போலீஸார் தேட வேண்டியிருந்தது. பொதுக் கட்டடங்களில் கேமரா பொருத்துவதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு 2012லேயே கொண்டுவந்துவிட்டது. பிறகு சென்னை மாநகரக் காவல் துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டம் வந்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்கோடு வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து தெருத்தெருவாகக் கேமரா மாட்டினார்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்து, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளும் அதன் கீழ் போயின. ஆக, கேமராவுக்கு இந்தப் பக்கம் இப்போது பஞ்சமில்லை. முகம் தெரிகிற கேமராவுக்குத்தான் பஞ்சம்.

ஜன்னலில் நின்று பாருங்க

கேமரா பெட்டியில் 2.8 எம்.எம்., 3.6 எம்.எம்., 6 எம்.எம். என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். பல பேர் இதை லென்ஸின் அளவு என்று நினைக்கிறார்கள். இது குவியத் தூரம். பள்ளியில் குவிலென்ஸ் பாடத்தில் படித்த அதேதான்.

புரிந்துகொள்ள ஒரு சின்னப் பயிற்சி. உங்க வீட்டு ஜன்னல் கம்பியில் மூக்கு படுகிற மாதிரி நில்லுங்க. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தெரியும். அப்படியே பின்னாடி நடந்து எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்று பாருங்க. அதே ஜன்னலில் இப்போது எதிர் வீட்டு கேட் மட்டும்தான் தெரியும். ஜன்னலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்க. எண் சின்னதானால் காட்சி அகலம். எண் பெரிதானால் காட்சி குறுகும். 2.8 எம்.எம். லென்ஸ் ஏறக்குறைய நூறு டிகிரியைப் பார்க்கும். 6 எம்.எம். சுமார் ஐம்பது, 12 எம்.எம். சுமார் இருபத்தைந்து.

அகலமாகத் தெரிவது நல்லதுதானே என்று கேட்பீங்க. இங்கேதான் கணக்கு வருது. 2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள் இருக்கும். காட்சி 10 அடி அகலமானாலும் 50 அடி அகலமானாலும் அதே 1920 புள்ளிதான். அகலம் கூடக்கூட ஓர் அடிக்குக் கிடைக்கும் புள்ளி குறையும். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை ஐம்பது பேருக்குப் போடுவது மாதிரி.

முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்கிறது சிசிடிவிக்கான சர்வதேசத் தரநிலை. அடிக் கணக்கில் சொன்னால் சுமார் 76 புள்ளி. பழகிய ஆளா இல்லையா என்று சொல்ல அதில் பாதி போதும். ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று மட்டும் தெரிய பத்தில் ஒரு பங்கு போதும். எங்க வீட்டுப் பதிவில் ‘ஆள் வந்தது தெரிந்து, யாரென்று தெரியாமல்’ போனது இதனால்தான். அது கேமராவின் கோளாறு இல்லை. அது செய்யாத வேலையை நாங்கள் அதனிடம் எதிர்பார்த்தோம்.

நாலரையால் பெருக்குங்க

1920ஐ 76ஆல் வகுத்தால் 25 வரும். அதாவது 2 மெகாபிக்சல் கேமராவில் முகம் தெரிய வேண்டுமானால், ஆள் நிற்கிற இடத்தில் காட்சியின் அகலம் 25 அடியைத் தாண்டக் கூடாது.

வீட்டுக் கேமராக்களில் பரவலாக வரும் சென்சார் சுமார் 5.4 மில்லிமீட்டர் அகலம். அதனால் காட்சியின் அகலத்துக்கு ஒரு சுலபமான வழி: தூரத்தை 5.4ஆல் பெருக்கி லென்ஸ் எண்ணால் வகுங்க. எங்க வாசல் கேமரா 2.8 எம்.எம்., பைக் நின்ற இடம் 26 அடி. 26ஐ 5.4ஆல் பெருக்கி 2.8ஆல் வகுத்தால் 50 அடி. வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு. மனித முகத்தின் அகலம் ஏறக்குறைய அரை அடி; அதற்குக் கிடைத்தது மொத்தமே பத்தொன்பது புள்ளி. ராத்திரி வெளிச்சத்தில் அதிலும் பாதி இரைச்சல்.

இந்தக் கணக்கு எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குக் குறுக்கு வழி இருக்கு. லென்ஸ் எண்ணை நாலரையால் பெருக்குங்க. வருவதுதான் அந்த லென்ஸில் முகம் தெரியும் தூரம், அடிக் கணக்கில். 2.8க்கு சுமார் 12½ அடி. 3.6க்கு 16 அடி. 4க்கு 18. 6க்கு 27. 8க்கு 36. 12க்கு 54 அடி. லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் மாறும், ஆனால் கடையில் நின்று முடிவெடுக்க இது போதும்.

அப்போ 8 மெகாபிக்சல் கேமரா வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? பாதி தீரும். புள்ளிகள் நாலு மடங்கு என்றாலும் அது நீளவாக்கிலும் பிரிந்து போவதால் குறுக்கே இரண்டு மடங்குதான். 2.8 லென்ஸில் 12½ அடி என்பது 25 அடியாகும், ஐம்பதாகாது. 4 மெகாபிக்சலுக்கு நாலரைக்குப் பதில் ஆறால் பெருக்கிக்கொள்ளுங்க. ஒரே அளவு சென்சாரில் புள்ளிகளை அதிகம் திணித்தால் ஒவ்வொரு புள்ளியும் சின்னதாகி, இருட்டில் படம் மங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கடைக்காரர் மெகாபிக்சலைப் பற்றி மட்டும் பேசினால், எம்.எம். எவ்வளவு என்று நீங்க கேளுங்க.

டேப்பைப் பிடிங்க

இப்போ வேலைக்கு வருவோம். உங்க வீட்டுக்குள் நுழைய யாராக இருந்தாலும் கடந்தே ஆக வேண்டிய ஓர் இடம் இருக்கும். கேட்டின் தாழ்ப்பாள், மாடிப்படியின் முதல் படி, கடையின் கல்லா. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்க. கேமரா மாட்டப் போகும் சுவரிலிருந்து அந்தக் குறி வரை அளங்க. அந்த அடியை நாலரையால் வகுத்தால் வேண்டிய லென்ஸ் எண் வரும்.

பட்டாபிராம், ஆவடிப் பக்கம் அரை கிரவுண்டு மனைகளில் வாசலுக்கும் கேட்டுக்கும் பத்து அடி இருந்தாலே அதிகம். அங்கே 2.8 எம்.எம். சரியான தேர்வு. மாற்றவே வேண்டாம். எங்க வீடு மாதிரி முன்னால் தோட்டம் இருந்து, கேட் இருபது அடிக்கு மேல் தள்ளி இருந்தால் 6 எம்.எம். எடுங்க.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், பட்டறையின் பக்கவாட்டுச் சந்தைக் காட்டினார். எட்டு அடி அகலம், நாற்பத்தைந்து அடி நீளம், கடைசியில் ஸ்கிராப் போடும் இடம். அங்கே 2.8 எம்.எம். புல்லட் கேமரா. படத்தில் பாதிக்கு மேல் இரண்டு பக்கச் சுவர்தான். ராத்திரியில் கேமராவின் ஐ.ஆர். வெளிச்சம் பக்கத்துச் சுவரில் பட்டு வெள்ளையடிக்க, கடைசியில் இருப்பது கறுப்பாகிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்துக்கு 45ஐ 4.5ஆல் வகுத்து 10 எம்.எம்.; அதற்கு 2.8 முதல் 12 வரை திருகி மாற்றக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் வசதி. சில ஐ.பி. கேமராக்களில் ‘காரிடார் மோட்’ என்று ஒன்று உண்டு. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினால் படம் செங்குத்தாக வரும். சுவருக்குச் செலவாகும் புள்ளிகள் சந்தின் நீளத்துக்குக் கிடைக்கும்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக் கடைகளில் சிக்கல் வேறு மாதிரி. கல்லாவுக்கு ஏழெட்டு அடியில்தான் கேமரா. லென்ஸ் 2.8 போதும். ஆனால் கேமரா வாசலைப் பார்த்தபடி இருக்கும். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே ஒரு டியூப்லைட். நுழைகிறவர் நிழலுருவமாகத்தான் விழுவார். இதற்கு லென்ஸை மாற்றிப் பயனில்லை. அசல் டபிள்யூ.டி.ஆர். வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. பெட்டியில் ‘டி.டபிள்யூ.டி.ஆர்.’ என்று முன்னால் ஒரு ‘டி’ இருந்தால் அது மென்பொருளில் செய்யும் ஒப்பேற்றல். முடிந்தால் கேமராவைக் கல்லாவின் பக்கம் தள்ளி, வாசல் வெளிச்சம் குறுக்காக விழும்படி மாட்டிப் பாருங்க. காசு செலவில்லாத தீர்வு அதுதான்.

நம்பர் பிளேட் வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனிக் கேமரா வைக்கணும். டூவீலரின் பின் பிளேட் 20 சென்டிமீட்டர் அகலம்தான். 25 அடி தூரத்தில் 12 எம்.எம். லென்ஸ் வைத்தால் காட்சி 11 அடியாகச் சுருங்கி, பிளேட்டுக்கு நூறு புள்ளிக்கு மேல் கிடைக்கும். ராத்திரி ஹெட்லைட் கண்ணைக் கூசும், வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடி அளவுக்கு வைக்கச் சொல்லுங்க. எதிரே வராமல் கடந்து போகும் வண்டியைப் பார்க்கும்படி திருப்பி வைங்க. சங்கம் சார்பில் தெருவுக்கு மாட்டுவதாக இருந்தால் வேகத்தடை இருக்கும் இடம்தான் நல்ல இடம். அங்கே எல்லாரும் மெதுவாகப் போவாங்க.

உயரமும் இருட்டும்

எங்க வீட்டில் லென்ஸ் தவறு மட்டும் இல்லை. பதினாலு அடி உயரம் இன்னொரு தவறு. திருடன் எட்டிப் பறித்துவிடக் கூடாது என்று உயரத்தில் மாட்டுவது எல்லாரும் செய்வதுதான். பதிவில் தலை உச்சியும் தொப்பியும் ஹெல்மெட்டும் நன்றாகத் தெரியும். முகத்துக்கு எட்டரை முதல் ஒன்பது அடி சரி. அந்த உயரத்தில் பதிமூன்று அடி தள்ளி நிற்பவரைக் கேமரா ஏறக்குறைய பதினைந்து டிகிரி சாய்வில்தான் பார்க்கும். மூக்கும் கண்ணும் கிடைக்கும். கேமரா போய்விடுமோ என்று பயமாக இருந்தால், அதைப் பார்த்தபடி இன்னொன்றை உயரத்தில் வைங்க. பொதுவாக இரண்டு வேலைக்கு இரண்டு கேமரா தேவை. மொத்தத்தையும் பார்க்க ஒரு 2.8, முகத்தைப் பார்க்க ஒரு 6. இப்போது எங்க வீட்டில் அப்படித்தான். நாலு கேமரா நாலாகவே இருக்கு. ஒன்றை மட்டும் மாற்றி இறக்கினோம். அப்பாவுக்கு அந்த 6 எம்.எம். படம் பிடிக்கவே இல்லை. “என்னடா, கேட்டைத் தவிர ஒண்ணும் தெரியல”ன்னு இன்னமும் சொல்றார்.

பெட்டியில் ‘ஐ.ஆர். 30 மீட்டர்’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த வெளிச்சம் முப்பது மீட்டர் போகும் என்றுதான் பொருள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. அதற்குப் பதில் எஃப் எண்ணைப் பாருங்க. லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கு என்று சொல்வது இது. எண் குறைந்தால் வெளிச்சம் கூடும். எஃப் 2.0ஐ விட எஃப் 1.0 நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ராத்திரியிலும் கலரில் காட்டும் கேமராக்களில் இந்த மாதிரி லென்ஸ்தான் இருக்கும். தெருவிளக்கு இருக்கும் இடத்தில் அது நல்ல பலன் தரும். வேரிஃபோகல் லென்ஸாக இருந்தால் பகலில் ஃபோகஸ் வைத்ததோடு விடாதீங்க. ஐ.ஆர். வெளிச்சத்தில் ஃபோகஸ் சற்று நகரும். மாட்டுகிறவரை ராத்திரி ஒரு முறை வந்து சரிபார்க்கச் சொல்லுங்க. கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிடுங்க.

வாங்கும்போது இன்னொன்று: சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறி பி.ஐ.எஸ். பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் அந்த முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கணும். பில் கேட்டு வாங்குங்க.

பதிவு சாட்சியாக நிற்க

முகம் விழுந்தாலும் அது நீதிமன்றம் வரை போக வேண்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கருவியைப் பராமரிப்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இடம்பெறும். எப்படிச் செய்வது என்று விசாரணை அதிகாரி சொல்வார். நீங்க செய்ய வேண்டியது மூன்று. டி.வி.ஆர். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டட்டும். எங்களுடையது பதினேழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. திரையை செல்போனில் படம் பிடித்து அனுப்பாமல், டி.வி.ஆரிலிருந்தே பென் டிரைவில் எடுங்க. அதையும் உடனே எடுங்க. நாலு கேமரா, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்றால் சாதாரண அமைப்பில் பத்துப் பன்னிரண்டு நாளில் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அவசரத்துக்கு 112.

லென்ஸ் தேர்வில் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வரும். நீண்ட லென்ஸ் அடுத்த வீட்டு ஜன்னலையும் கிட்டே இழுக்கும். ஒரு பெண்ணின் அந்தரங்கமான நிலையை ஒளிந்து பார்ப்பதும் பதிவதும் பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவின்படி குற்றம். பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் ‘பிரைவசி மாஸ்க்’ இருக்கு. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று படத்தைக் காட்டி, அவங்க எதிரிலேயே அந்தக் கட்டத்தைப் போடுங்க. நல்ல உறவும் நிலைக்கும்.

மாட்டியாச்சு, கூலி கொடுக்கும் முன்னாடி ஒரு சோதனை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், வாசல் விளக்கை அணைச்சுட்டு, வீட்டில் ஒருவரை அந்த சாக்பீஸ் குறிக்கு வரச் சொல்லுங்க. சாதாரணமாக நடந்து வந்து, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுப் போகட்டும். செல்போன் ஆப்பில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. அதில் வருவது பெரும்பாலும் தரம் குறைத்த படம். பதிவைப் பென் டிரைவில் எடுத்து, டிவியிலோ கணினியிலோ போட்டு நிறுத்துங்க. உங்க வீட்டு ஆளை அதிகம் பார்த்திராத ஒருவரிடம், நாலைந்து பேர் இருக்கிற ஒரு கல்யாண போட்டோவையும் சேர்த்துக் கொடுத்து, இதில் யார் அது என்று கேளுங்க. அவர் யோசிக்காமல் கை காட்டினால் காசைக் கொடுத்திடலாம். தயங்கினால் லென்ஸை மாற்றச் சொல்லுங்க. ஆள் ஏணியோடு அங்கேயேதான் நிற்கிறார்.

ஐப்பசி மழை விட்டதும் ஒரு தடவை கேமரா முகப்பை மெல்லிய துணியால் துடைச்சு விடுங்க. ஐ.ஆர். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு நூல் இருந்தாலும் ராத்திரியில் அது கயிறு மாதிரி வெள்ளையாகப் படம் முழுக்கத் தெரியும்.